பஸ்ஸில் மட்டும் வரும் நடுக்கம்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் சுருள்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார். மூன்றாவது மாடியில், நரம்பு வைத்தியப் பிரிவின் கோடியில், நடுக்கப் பதிவு அறை என்று ஒன்று உண்டு. கை நடுங்குகிறது, தலை ஆடுகிறது, கால் உதறுகிறது என்று வருகிறவர்கள் டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் இவரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் அவர்கள் முன்னால் வைத்து, "நடுவுலேருந்து ஆரம்பிங்க. சுத்திச் சுத்தி வெளிய வாங்க. கோட்டு மேல கோடு படக் கூடாது, கை காகிதத்துல படக் கூடாது. அவ்வளவுதான்," என்பார். இருபத்தாறு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அது தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. சில பேர் பேனாவைப் பிடித்தபடியே கொட்டாவி விடுவார்கள்.

அறையின் ஜன்னலுக்குப் பனி படர்ந்த மாதிரியான கண்ணாடி. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. எந்நேரமும் தண்ணீர் கலந்த பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் உள்ளே தேங்கி நிற்கும். கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி, ஒரு மேஜை, தண்ணீர்க் கூஜா, இரண்டு டம்ளர், மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கேமரா. சுவரோரம் ஒரு மர அலமாரி. நடுக்கத்தின் ரகத்துக்கு ஒரு தட்டு என்று பிரித்து, சுருள் காகிதங்களை அதில்தான் அடுக்கி வைத்திருந்தார். மத்தியானத்துக்குமேல் அங்கே உட்கார்ந்தால் முழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

நடுக்கம் எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிடித்து உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிடுவார். எது நடுங்குகிறது என்பது அவருக்குப் பெரிய கேள்வி இல்லை, எப்போது நடுங்குகிறது என்பதுதான் கேள்வி. கையைச் சும்மா மடியில் போட்டிருக்கும்போது ஆடி, டம்ளரை எடுக்கப் போனதும் நல்ல பிள்ளையாக அடங்கிவிடுவது ஒரு ரகம். மடியில் கிடக்கும்வரை சாதுவாக இருந்துவிட்டு, கையை முன்னால் நீட்டினாலோ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாலோ ஆட்டம் காட்டுவது இன்னொன்று. இது பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும், விசாரித்தால் அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும், சிலருக்குத் தலையையும் 'இல்லை, இல்லை' என்று ஆட்டிவிடும். விரலால் மூக்கைத் தொடுங்கள் என்றால் பாதி வழிவரை ஒழுங்காக வந்து, மூக்கை நெருங்க நெருங்க எகிறுவது சிறுமூளை சமாசாரம். ஒரு பத்திர எழுத்தர் வந்தார். ஊசியில் நூல் கோப்பார், தானே சவரம் செய்துகொள்வார், பேனாவைப் பிடித்து நாலு எழுத்து எழுதச் சொன்னால் மட்டும் கை உதறும். ஒரு வாயிற்காவலர் வந்தார். நடந்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, ஒரே இடத்தில் நின்றால் தொடை இரண்டும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடிக்கும். நிற்பதுதான் அந்த மனிதருக்கு உத்தியோகமே. இவை போக, ஆஸ்துமா மாத்திரையில் வருவது, தைராய்டில் வருவது என்று தனித்தட்டுகள்.

ஒரு பெண்ணுக்கு வலது கை நடுங்கியது. இடது கையால் மேஜையைத் தட்டச் சொன்னால், வலது கை தன் வேகத்தை விட்டுவிட்டு அந்தத் தட்டலின் வேகத்துக்கு மாறிவிடும். கதவோரம் காத்திருந்த ஓர் ஆள் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா நடிப்பு," என்றான். சுருள்காரருக்கு வந்ததே கோபம். "நடிக்கறவங்களுக்கு இப்படிச் சோறு தண்ணி இறங்காம போகாதுய்யா. இதுவும் நோய்தான். இதுக்கும் என்கிட்ட ஒரு தட்டு இருக்கு. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க," என்றார். அந்தப் பெண் அன்றைக்கு அழுதது நோய்க்காக இல்லை, தன்னை நம்ப ஒருவர் இருக்கிறார் என்பதற்காக.

இருப்பதிலேயே கள்ளத்தனமானது, சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம்தான். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளும். அதனால் அவர் கையைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று மனசு கணக்கின் பின்னால் போனதும், கை மெல்லத் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். அது எந்த நோயின் முதல் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். டாக்டரம்மா பக்கத்து அறையில் பார்க்கின்சன் என்ற வார்த்தையைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் எப்படி ஆகும் என்பதும் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருடைய கையிலேயே ஒரு மாலை அது வந்து மாட்டியது.

அவர் மனைவி பொது நூலகத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அவள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே ஏறி, வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்து வைத்திருப்பாள். யாராவது கேட்டால், "ஆள் வருது," என்று ஒரு முறை முறைப்பாள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, வீடு வெறிச்சென்று ஆன அந்த நாட்களில்தான், இருவரும் பஸ்ஸில் கை கோத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் வீட்டில் வராத வெட்கம் பஸ்ஸில் வரும். பேசிக்கொள்ள மாட்டார்கள். நாற்பது நிமிஷம். மஞ்சள் வெயில் கட்டடங்களின் இடுக்கில் வந்து வந்து போகும், என்ஜின் சத்தம் பாதத்தின் வழியாக மேலே ஏறும், அவருக்குக் கண் செருகும்.

அந்த அரைத்தூக்கத்தில், கோத்திருந்த விரல்களுக்குள்ளே என்னவோ தட்டியது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது மூடி மெல்லத் தட்டுமே, அப்படி. பஸ் சிக்னலில் நின்றது. தட்டல் நிற்கவில்லை. பழக்க தோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிட்டார். நொடிக்கு ஐந்து. எண்ண எண்ண நன்றாகவே தட்டியது. குனிந்து பார்க்கலாம் என்றால், அவள் தன் பையை எடுத்து இரண்டு கைகளின்மேலும் வைத்து மூடிவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று நினைத்தார்.

மறுநாள் சோதித்துப் பார்த்தார். வேண்டுமென்றே அவளை இடது பக்க இருக்கைக்குக் கூட்டிப்போய், அவளுடைய இடது கைக்குப் பதில் வலது கையைப் பிடித்தார். ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவளுடைய இடது கையில் மட்டும் வருகிறது. ஒரு பக்கமாகத்தான் அது தொடங்கும். எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று நினைத்தபோது கண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் அவர் அவளைப் படித்தார். பெயர் எழுதாத ஒரு காகிதத்தில், ஆஸ்பத்திரியில் எழுதுகிற அதே தோரணையில் குறிப்புகள் எழுதி, அலமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தார். டம்ளர் நிறைய டீ ஊற்றுகிறவள் இப்போது அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். சட்டைக்குப் பட்டன் தைத்துத் தருகிறவள், அழுத்தினால் மூடிக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்த சட்டைகளாக வாங்கி வந்து அடுக்குகிறாள். ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி முன்னால் ஓடுகிறவள், பக்கத்திலேயே ஆற அமர நடக்கிறாள். எதைச் சொன்னாலும் 'என்ன? என்ன?' என்று இரண்டு தடவை கேட்கிறாள். அதற்கு நேராக 'மந்தம்' என்று எழுதினார். எழுதும்போது மனசு கேட்கவில்லை, ஆனாலும் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்தப் பேனா எழுதுதான்னு பாரு, ஒரு சுருள் போடு," என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். அவள் கொசுவர்த்தி மாதிரி அச்சாக ஒன்று வரைந்து நீட்டினாள். அது வலது கை. கோளாறு இருப்பது இடது கையில். இடது கையாலும் ஒன்று போடச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கத் தைரியம் இல்லை.

மருந்து இருக்கிறது. சீக்கிரம் பிடித்தால் நல்லபடியாகக் காலம் தள்ளலாம். இதைத் தினம் நாலு பேருக்குச் சொல்கிறவர் அவர். ஆனால் சொன்னால் அந்த முகத்தை அவளிடம் பார்க்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். தள்ளிய ஒவ்வொரு நாளும் தன் தலையில்தான் விடியும் என்று தெரிந்தே தள்ளினார். அதற்குப் பதிலாகக் காய் நறுக்கினார், அவள் பையைப் பிடுங்கித் தூக்கினார், பாட்டில் மூடிகளைத் திறந்து கொடுத்தார். அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சில சமயம் அவளுக்கும் கண் கலங்கும். அதையும் அவர் காகிதத்தில் எழுதினார்.

பஸ்ஸில் கண் செருகும்போது ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். பஸ் தண்ணீரின்மேல் போகிறது, அலை இல்லாத தண்ணீர். பயணிகள் எல்லோரும் மெல்லிய குரலில் ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். அவள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எல்லோரையும் முந்திப் போய், பூஜ்யத்தைத் தாண்டி, அவருக்குப் பெயர் தெரியாத எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போதும், நிறுத்து என்று கத்த வாயைத் திறப்பார். குரல் வராது. முழித்துப் பார்த்தால் இறங்க வேண்டிய இடம் வந்திருக்கும், அவள்தான் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே பேச்சை எடுத்தாள். பஸ் பாலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன். உங்க டாக்டரம்மாவப் பாக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார்.

"அப்பாடா," என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது அவருக்கு, அதே கல்லைத் தலையில் போட்ட மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. அவர் நாற்காலியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உக்காரு."

"நானா?"

"பின்னே?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி, "சரி, பயமா இருந்தா மொதல்ல நானே பண்ணிக் காட்டறேன்," என்று உட்கார்ந்தாள். இந்த நேரத்திலும் இவளுக்கு விளையாட்டா என்று நினைத்தார்.

கையை மடியில் போடச் சொன்னார். கழிக்கச் சொன்னார். நூலகத்துக்காரி, மடமடவென்று இரண்டுக்கு வந்து நின்றுவிட்டாள். கை அசையவில்லை. நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கடைசியில் இடது கையில் பேனாவைக் கொடுத்தார். சுருள் கொஞ்சம் கோணலாக வந்தது, பழக்கமில்லாத கையில் யாருக்கும் வருகிற கோணல்தான். இடது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது, அவருக்கு.

டாக்டரம்மா உள்ளே வந்தார். வயதில் இவர்களைவிட ரொம்பச் சின்னவர். இவரை அண்ணே என்றும், அவளை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

"என்ன அண்ணே, அண்ணிக்கு என்ன?"

அவர் அடித்தட்டிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "இங்க எதுவுமே காட்ட மாட்டேங்குது மேடம். பஸ்ஸுல மட்டும்தான் வருது. ரெண்டு வருஷமா வருது. நான்தான் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டரம்மா காகிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஒன்றும் புரியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"பஸ்ஸுல எப்படி உக்காருவீங்க? அப்படியே உக்காந்து காட்டுங்க."

நடையில் கிடந்த பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அவள் வலது பக்கம், அவர் அவளுக்கு இடது பக்கம். டாக்டரம்மா எதிரே நிற்க, வெட்கப்பட்டுக்கொண்டே கையைக் கோத்தார்கள். அவள் பழக்கத்தில் பையை எடுத்து மேலே வைக்கப் போனாள். டாக்டரம்மா அதை வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, எப்பவும்போல கடிகாரத்தப் பாத்து எண்ணுங்க."

அவர் இடது மணிக்கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி எண்ணத் தொடங்கினார். அறையின் வெளிச்சம் அசையாமல் நின்றது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே தூரமாகப் போயிற்று. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். விரல்களுக்குள் தட்டல் வந்தது.

"வந்திருச்சு மேடம், பாருங்க," என்றார், கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நீங்க எண்ணுங்க அண்ணே. அண்ணி, நீங்க மட்டும் கையை எடுத்துக்குங்க."

அவள் உடனே எடுக்கவில்லை. டாக்டரம்மா தலையை அசைத்த பிறகு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டு, கையைத் தன் மடியில் வைத்தாள். அது அங்கே பேசாமல் கிடந்தது. அவருடைய முழங்காலின்மேல் அவருடைய வலது கை மட்டும் தனியாக, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, நொடிக்கு ஐந்து தடவை ஆடிக்கொண்டிருந்தது.

இருபது நொடி எண்ணி முடித்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் அது அடங்கிவிட்டது. ஆனால் அடங்குவதற்கு முந்தின ஒரு கணம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. மற்றவர்கள் கையில் ஆயிரம் தடவை பார்த்தது அது. இன்னொரு கணம் தேவையில்லை.

டாக்டரம்மா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை வாங்கினார். மணிக்கட்டை மெல்ல மடக்கி நீட்டினார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார். முதல் நாலைந்து தட்டு நன்றாக இருந்தது, அப்புறம் சிறுத்துக்கொண்டே போனது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்:

"அண்ணி, டீ ஏன் அரை டம்ளர்?"

"முழுசா குடுத்தா இவரு கையில வெச்சிருக்கும்போதே சட்டையில கொட்டிக்கறாரு."

"பிரஸ் பட்டன்?"

"காலையில ஒரு பட்டன் போடறதுக்குள்ள பஸ் போயிடுது. தையல்காரன் ஓட்டையச் சின்னதா வெச்சுட்டான்னு அவனப் போட்டுத் திட்டறாரு."

"மெதுவா நடக்கறீங்களாமே?"

"இவர விட்டுட்டு நான் எங்க போறது?"

"என்ன என்னன்னு கேக்கறீங்களாம்."

"குரல் உள்ளுக்குள்ளயே போயிடுது இவருக்கு. பொண்ணுகூட போன்ல கேட்டுட்டா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையான்னு." சொல்லிக்கொண்டே காகிதத்தை எட்டிப் பார்த்தவள், "மந்தமா? எனக்கா?" என்றாள். டாக்டரம்மா அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் அடுத்தவர் கையையே பார்த்து வந்த மனிதருக்குத் தன் கையைப் பார்க்கிற பழக்கமே இல்லாமல் போயிருந்தது. பார்த்தாலும், பார்த்த நேரத்தில் அது அடங்கியிருந்தது. அவர் எண்ணியதுதான் அதைக் கூட்டியது. நோயாளிகளுக்குக் கணக்குக் கொடுத்து நடுக்கத்தை வெளியே வரவழைக்கிறவர், பஸ்ஸில் தனக்குத் தானே கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவளிடம்.

"ரெண்டு வருஷமாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உங்க வேலையே இது. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட மறைக்கறீங்கன்னு நெனச்சேன். நீங்க வந்து காய் நறுக்கறதும், பையத் தூக்கறதும்... முடியறவரைக்கும் செஞ்சுடணும்னு செய்யறீங்கன்னு நெனச்சேன். பஸ்ஸுல யாரும் பாத்துடக் கூடாதுன்னு பைய வெச்சு மூடிக்கிட்டே வந்தேன்."

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை ஒளித்து மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, சந்தோஷம்தான். இவளுக்கு ஒன்றுமில்லை. இந்த இடது கைக்கு ஒன்றுமில்லை. இவள் டம்ளர் நிறைய ஊற்றலாம், ரயிலைப் பிடிக்கிற மாதிரி நடக்கலாம். இரண்டு வருஷம் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"உனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு இருக்கே!" என்று கத்திவிட்டாள் அவள். கத்தியதோடு அழுகையும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார் அவர். இரண்டு வருஷமாக எந்த முகத்தைப் பார்க்கப் பயந்தாரோ அந்த முகம் இப்போது எதிரே இருந்தது, அவளுக்காக இல்லை, அவருக்காக. அப்போதுதான் பயம் வந்தது. கால் விரலிலிருந்து குளிர்ந்துகொண்டு வந்தது.

டாக்டரம்மா கொஞ்சம் பொறுத்து எழுந்தார். கேமராவைப் போட்டு, நாற்காலிக்கு நேராகத் திருப்பினார். "அண்ணே, மருந்து இருக்கு, எனக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். முறையா ஒரு பதிவு எடுத்துடலாம். நாற்காலிக்கு வாங்க."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் அவர் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பிடிச்சிருந்தா சரியாப் பதிவாகாது. கையை விடணும்."

"விடறேன்," என்றாள் அவள். விடவில்லை.

டாக்டரம்மா கேமராவை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.